தோல் நிறப் பென்சில்

மும்பை சயான் ரயில் நிலையத்துக்கு அருகே பழைய நான்கு மாடிக் கட்டடம் ஒன்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், முதல் மாடி வீட்டின் கூடத்தில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி குப்புறப் படுத்து படம் வரைந்துகொண்டிருந்தாள். 'என் குடும்பம்' - பள்ளியில் கொடுத்த வீட்டுப் பாடம். அப்பா, அம்மா, கோவில்பட்டியிலிருந்து வந்திருக்கும் ஆச்சி, ஓரத்தில் ரிப்பன் கட்டிய அவள். உருவங்களை முடித்ததும் வண்ணப் பென்சில் பெட்டியைத் திறந்து, வெளிறிய ரோஜா நிறப் பென்சிலைத் தேடி எடுத்தாள். நான்கு முகங்களுக்கும் வரிசையாக அதையே தீட்டினாள்.

அந்த வீட்டின் நான்கு பேரில் ஒருவர்கூட அந்த நிறத்தில் இல்லை. "ஏன் கண்ணு இந்தக் கலர்?" என்று அம்மா கேட்டாள். "இதுதாம்மா ஸ்கின் கலர்" என்றாள் மகள். புல் பச்சை, வானம் நீலம் என்று சொல்வதுபோல, சந்தேகத்துக்கு இடமில்லாத குரல்.

பென்சிலின் மேல் அப்படி எதுவும் அச்சிடப்படவில்லை. வகுப்பில் குழந்தைகள் அதை அப்படிச் சொல்லித்தான் ஒருவரிடம் ஒருவர் கடன் கேட்கிறார்கள். அந்தப் பெயருக்கு ஒரு பழைய சரித்திரம் உண்டு. அமெரிக்காவின் க்ரேயோலா நிறுவனம் இது போன்ற ஒரு நிறத்துக்கு 'ஃப்ளெஷ்' - சதை - என்று பெயர் சூட்டியிருந்தது. 1962-ல் அதை 'பீச்' என்று ஒரு பழத்தின் பெயருக்கு மாற்றியது. 1992-ல் பல தோல் நிறங்களுக்கென்று ஒரு தனிப் பெட்டியையும், 2020-ல் 24 தோல் நிறங்கள் கொண்ட இன்னொரு பெட்டியையும் வெளியிட்டது. அங்கே பெயர் மாறி 60 ஆண்டுகள் கடந்த பிறகும், இங்கே ஒரு தமிழ்ச் சிறுமி தன் கையை ஒரு முறைகூடப் பார்க்காமல் தோல் நிறம் எது என்று தீர்மானமாகச் சொல்கிறாள்.

அம்மாவுக்கு அது புதிய அனுபவம் அல்ல. அவள் கரிசல் காட்டில் பிறந்தவள். அவள் வயிற்றில் இருந்தபோது தாய்க்குப் பாலில் குங்குமப்பூ போட்டுக் கொடுத்தார்கள். பலிக்கவில்லை. பிறந்த பின் பயத்தமாவும் கஸ்தூரி மஞ்சளும் முயன்று பார்த்தன. அதுவும் பலிக்கவில்லை. பெண் பார்க்க வந்தவர்களில் இரண்டு குடும்பங்கள் பஜ்ஜி, சொஜ்ஜி சாப்பிட்டுவிட்டு ஊருக்குப் போய்க் கடிதம் போடுவதாகச் சொன்னார்கள். கடிதம் வரவில்லை. அத்தைகள் ஆறுதலாகச் சொன்ன வாக்கியம் மட்டும் அவள் மனதில் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது: "கறுப்பா இருந்தாலும் களையான பொண்ணு." அந்த வாக்கியத்தில் அவளைக் குத்திய சொல் 'கறுப்பு' அல்ல. 'இருந்தாலும்.'

இது ஒரு வீட்டின் கதை மட்டுமல்ல. 1975-ல் இந்தியச் சந்தைக்கு வந்த ஃபேர் அண்ட் லவ்லி களிம்பின் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல் நீங்க 2020 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நிறுவனம் அதை க்ளோ அண்ட் லவ்லி ஆக்கியது. டப்பாவில் பெயரை மாற்றுவது சுலபம். கூடத்தில் உட்கார்ந்து வரன் பேசுகிறவர்களின் வாயில் இருக்கும் சொல்லை யார் மாற்றுவது?

இந்த நிலையில்தான் அந்தப் புத்தகம் வீட்டுக்கு வந்தது. அதிகப் பக்கங்கள் இல்லாத, மெல்லிய படப் புத்தகம். பக்கத்துக்கு ஒரு நிறம், ஒரு படம், மேலே ஆங்கிலத்தில் ஒரு வரி, கீழே தமிழில் ஒரு வரி. இப்படிப்பட்ட இருமொழிப் புத்தகங்கள் இன்று இந்தியாவில் அபூர்வம் அல்ல. 1996-ல் சென்னையில் தொடங்கிய தூலிகா பதிப்பகம், ஆங்கிலத்தோடு தமிழ், இந்தி, மராத்தி, மலையாளம், தெலுங்கு, கன்னடம், குஜராத்தி, வங்காளி என்று ஒரே படக்கதையைப் பல ஜோடிகளாக வெளியிட்டு வருகிறது. 2004-ல் தோன்றிய பிரதம் புக்ஸ், 2015-ல் ஸ்டோரிவீவர் என்ற இணையத்தளத்தைத் திறந்து, படக்கதைகளை எவரும் இலவசமாகப் படிக்கவும் தம் மொழிக்கு மாற்றவும் வழி செய்தது. ஒரே படம், கீழே வேறு வேறு எழுத்து என்பதுதான் இவற்றின் அமைப்பு.

அம்மா தமிழ்ப் பதிப்போடு நிற்கவில்லை. அதே புத்தகத்தின் இந்திப் பதிப்பையும் மராத்திப் பதிப்பையும் வாங்கினாள். காரணம் அந்தக் கட்டடம். மூன்றாம் மாடியில் அலகாபாத் குடும்பம். எதிர் வீட்டில் மராத்வாடாவிலிருந்து வந்தவர்கள். இரண்டாம் மாடியில் ஒரு வங்காளிக் குடும்பம். மாநகராட்சியே எட்டு மொழிகளில் பள்ளிகள் நடத்தும் ஊரில் இது வழக்கமான ஜனத்தொகைதான். ஞாயிற்றுக்கிழமைகளில் குழந்தைகளைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் படித்துக் காட்டலாம், அவல் பொரியோ சுண்டலோ கொடுக்கலாம் என்பது திட்டம். மகள் விஷயம் தானாகச் சரியாகிவிடும் என்று அவள் நினைத்தாள்.

முதல் ஞாயிறு தோல்வி. அது தோல்வி என்று தெரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. ஆறு குழந்தைகள் வந்தார்கள். அவள் பக்கம் பக்கமாகப் படித்து, கடைசியில் புத்தகத்தை மூடி, "அப்போ எல்லா நிறமும் அழகுதானே?" என்று கேட்டாள். "ஆமாம் ஆன்ட்டி" என்று ஆறு குரல்களும் சேர்ந்து ஒலித்தன. பள்ளியில் தினமும் பயிற்சி பெற்ற குரல்கள் அவை. சுண்டல் முடிந்து செருப்பு மாட்டும்போது வாசலில் ஏதோ தகராறு. "ஏ காலி, ஹட்!" என்று மூன்றாம் மாடிப் பெண்ணின் குரல் கேட்டது. கறுப்பி, தள்ளு என்று அர்த்தம். ஐந்து நிமிஷத்துக்கு முன்பு எல்லா நிறமும் அழகு என்று உரக்கச் சொன்ன அதே குரல்.

மகள் உள்ளே வந்து ஒன்றும் சொல்லாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

ஏழு வயதுப் பெண்ணிடம் கோபித்துப் பயனில்லை. குழந்தைகள் இதை எவ்வளவு சீக்கிரம் கற்றுவிடுகிறார்கள் என்பது நெடுநாளாகத் தெரிந்த விஷயம். 1940-களில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற அமெரிக்க உளவியலாளர் தம்பதி, மூன்று முதல் ஏழு வயதுக்குட்பட்ட கறுப்பினக் குழந்தைகளுக்கு, நிறம் தவிர வேறு வித்தியாசமே இல்லாத பொம்மைகளைக் காட்டி, எது நல்ல பொம்மை என்று கேட்டார்கள். பெரும்பாலான குழந்தைகள் வெள்ளைப் பொம்மையைச் சுட்டினார்கள். 1954-ல் பள்ளிகளில் நிறவாரியாகக் குழந்தைகளைப் பிரித்து வைப்பது செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது கிளார்க்கின் ஆய்வும் மேற்கோளாக வந்தது. அந்தக் குழந்தைகளுக்கு யாரும் பாடம் நடத்தியிருக்கவில்லை. சுற்றியிருந்தவர்களின் பேச்சிலிருந்தும் நடத்தையிலிருந்தும் பொறுக்கிக்கொண்டார்கள். அப்படிப் பொறுக்கியதை ஒரு நீதி வாக்கியம் கழுவிவிடாது.

அடுத்த ஞாயிறு அவள் நீதியை விட்டுவிட்டாள். புத்தகத்தைப் படித்துக் காட்டவும் இல்லை. மூன்று பதிப்புகளையும் ஒரே பக்கத்தில் திறந்து தரையில் வைத்து, "இதுக்கு உங்க வீட்ல என்ன பேரு?" என்று மட்டும் கேட்டாள்.

மஞ்சள் பக்கத்தில் ஆரம்பித்தது. இந்திக் குழந்தைகள் 'பீலா' என்றார்கள். மகள் 'மஞ்சள்' என்றாள். "அது ஹல்தி இல்ல? உங்க அம்மா கடையில கேட்பாங்களே" என்றாள் மூன்றாம் மாடிப் பெண். இரண்டும் ஒன்றுதான் என்றாள் மகள். நிறத்தின் பெயரே சமையல் பொருளின் பெயரா என்று அவர்கள் சிரிக்கத் தொடங்கியபோது, வங்காளிப் பையன் குறுக்கிட்டான். அவர்கள் வீட்டிலும் அப்படித்தான். 'ஹொலுத்' என்றால் மஞ்சள் நிறமும் உண்டு, மஞ்சள் கிழங்கும் உண்டு. இரண்டாம் மாடியும் முதல் மாடியும் திடீரென்று ஒரு கட்சி ஆயின.

ஊதாப் பக்கம் இன்னும் சுவாரசியம். இந்தியில் 'பைங்கனி' - பைங்கன், அதாவது கத்தரிக்காயிலிருந்து வந்த பெயர். மராத்தியில் 'ஜாம்பளா' - நாவல் பழத்திலிருந்து. மகள் கொஞ்சம் யோசித்து, "ஆச்சி கத்தரிப்பூக் கலர்னு சொல்லும்" என்றாள். காயா, பழமா, பூவா? அம்மா சமையலறையிலிருந்து ஒரு கத்தரிக்காயைக் கொண்டுவந்து படத்தின் அருகே வைத்தாள். கத்தரிப்பூவை அந்தக் குழந்தைகளில் யாரும் பார்த்ததில்லை. ஊரில் பார்த்திருந்தவள் மகள் மட்டும்தான். எப்படி இருக்கும் என்று எல்லோரும் அவளைக் கேட்டார்கள். அவள் சொல்லச் சொல்ல மூன்றாம் மாடிப் பெண் வாயைத் திறந்துகொண்டு கேட்டாள்.

அம்மா அன்று கவனித்தது இதைத்தான். புத்தகத்தில் இரண்டு மொழிகள் இருப்பதன் பயன், ஒன்று தெரியாதவன் மற்றொன்றை வைத்துப் புரிந்துகொள்வான் என்பது மட்டுமல்ல. இரண்டும் சரியாகப் பொருந்தாமல் இடிக்கும் இடங்கள் இருக்கின்றன. அங்கே எந்தக் குழந்தைக்கு அந்தச் சொல் வீட்டுச் சொல்லோ, அந்தக் குழந்தைதான் வாத்தியார். பள்ளியில் 'மதராஸி'யாக ஓரத்தில் உட்காருகிறவள், கத்தரிப்பூ விஷயத்தில் கட்டடத்துக்கே அதாரிட்டி.

பழுப்புப் பக்கம் வந்தபோது ஆச்சியும் சேர்ந்துகொண்டாள். மராத்திப் பதிப்பில் அந்த நிறத்துக்கு 'தப்கிரி' என்று இருந்தது. அது என்ன என்று கேட்டதற்கு, தன் தாத்தா மூக்கில் போடுவது என்று எதிர் வீட்டுப் பையன் செய்து காட்டினான். கட்டிலில் உட்கார்ந்து பாக்கு இடித்துக்கொண்டிருந்த ஆச்சிக்கு மொழி புரியவில்லை. அபிநயம் புரிந்தது. "மூக்குப்பொடிக் கலரா? எங்கிட்ட ஒரு சேலையே இருக்கே" என்று எழுந்து போய் டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துவந்து விரித்தாள். மராத்தியும் தமிழும் ஒரு பொடி டப்பாவில் சந்தித்தன.

அந்தப் பக்கத்தில் இன்னொரு சிக்கலும் இருந்தது. ஆங்கிலத்தில் மனிதர்களையும் 'ப்ரவுன்' என்கிறார்கள். தமிழில் காய்ந்த இலை பழுப்பு, பழைய காகிதம் பழுப்பு. மனிதர்களை யாரும் பழுப்பு என்பதில்லை. மாநிறம் என்போம். இந்தியில் 'சாவ்லா' என்பார்கள், கொஞ்சம் வெளுப்பாக இருந்தால் கோதுமையைச் சொல்லி 'கேஹுவா' என்பார்கள். "எங்கள் பெரியம்மா சிவப்பு" என்று மகள் சொன்னபோது, "லாலா? தக்காளி மாதிரியா?" என்று கேட்டு மூன்றாம் மாடிப் பெண் உருண்டு சிரித்தாள். வெளுத்த தோலைத் தமிழர்கள் சிவப்பு என்பது அவளுக்கு விளங்கவே இல்லை. குழந்தைகள் தாங்களாகவே கைகளை நீட்டி, புத்தகத்தின் மேல் வைத்துப் பார்த்தார்கள். சிவப்புப் பக்கத்துக்கோ, வெள்ளைப் பக்கத்துக்கோ, பழுப்புப் பக்கத்துக்கோ ஒரு கையும் பொருந்தவில்லை. எந்தக் கையும் எந்தச் சொல்லுக்குள்ளும் அடங்கவில்லை. அதை யாரும் எடுத்துச் சொல்லவும் இல்லை.

மூன்றாம் ஞாயிறு கறுப்புப் பக்கம். படத்தில் இரவு, காக்கை, சிலேட்டு. இந்தியில் 'காலா', மராத்தியில் 'காளா'. அதுவரை கத்திக்கொண்டிருந்த கூட்டம் அடங்கியது. ஒரு பையன் மகளைப் பார்த்துவிட்டுப் பார்வையை மாற்றிக்கொண்டான். மூன்றாம் மாடிப் பெண் தரையில் விரலால் கோடு போட்டாள். மகள் புத்தகத்தின் ஓரத்தை மடித்து மடித்து எடுத்தாள். வயதில் மூத்தவர்களுக்கு இப்படிப்பட்ட நிமிஷங்களில் ஏதாவது பேசி நிரப்பத் தோன்றும். அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

எதிர் வீட்டுப் பையன்தான் பேசினான். "எங்க ஆஜி நிலத்தைக் 'காளி ஆயீ'ன்னு சொல்லும்." காளி என்றால் கறுத்தவள். ஆயீ என்றால் அம்மா. மராத்வாடாவில் உழுது வாழ்கிறவர்கள் தங்கள் கரிய மண்ணைக் கறுப்பு அம்மா என்றுதான் கும்பிடுகிறார்கள்.

அம்மாவுக்கு அது தெரியாது. மும்பைக்கு வந்து பத்து வருஷம் ஆகியும் தெரியாது. "எங்க ஊர்லயும் அதே மண்ணுதான்" என்றாள். கோவில்பட்டியைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் கரிசல். மழை பெய்தால் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். கோடையில் கை நுழைகிற அளவு பாளம் பாளமாக வெடிக்கும். களி அதிகம் என்பதால் ஈரத்தை நெடுநாள் பிடித்துவைத்துக்கொள்ளும். அதனால்தான் அங்கேயும் பருத்தி, மராத்வாடாவிலும் பருத்தி. அவள் சொல்லி முடித்ததும் மூன்றாம் மாடிப் பெண், "மண்ணு கறுப்புன்னா பருத்தி மட்டும் எப்படி வெள்ளை?" என்று கேட்டாள். யாரிடமும் பதில் இல்லை. எதிர் வீட்டுப் பையன் தன் ஆஜிக்கு ஃபோன் போட்டுக் கேட்பதாக ஒப்புக்கொண்டான்.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். அப்படி முடியவில்லை.

அந்த வாரத்திலேயே ஒரு ராத்திரி ஊரிலிருந்து அக்கா ஃபோன் செய்தாள். உறவில் ஒரு பையனுக்குப் பெண் பார்க்கிறார்கள், மும்பையில் தெரிந்த குடும்பம் ஏதாவது உண்டா என்று. அம்மா ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னாள். எம்.காம். படித்திருக்கிறாள், வங்கியில் வேலை, நல்ல குணம். "கொஞ்சம் கறுப்புதான். ஆனா..." என்று ஆரம்பித்தவள், பக்கத்தில் மகள் தூங்காமல் படுத்திருப்பதைப் பார்த்தாள். ஃபோனை வைத்த பின் மகள் கேட்டாள்: "அம்மா, ஏன் ஆனா?"

பதினைந்து வருஷத்துக்கு முன்பு அத்தைகளின் வாயில் இருந்த 'இருந்தாலும்', அவள் வாய்க்குள் இத்தனை நாள் பத்திரமாக இருந்திருக்கிறது. படப் புத்தகம் வாங்கியவள், மூன்று வாரம் பக்கத்துக்குப் பக்கம் யோசித்தவள், அக்காவிடம் பேசும்போது தயங்காமல் அதை எடுத்து உபயோகித்தாள். மகளைக் 'காலி' என்றது மூன்றாம் மாடிப் பெண் மட்டும்தானா? அவளாவது நேரடியாகச் சொன்னாள்.

"தப்பா சொல்லிட்டேன் கண்ணு. அந்த 'ஆனா' தேவையில்ல" என்றாள் அம்மா. மகள் அதை ஏற்றுக்கொண்டாளா என்று இருட்டில் தெரியவில்லை. மறுநாள் காலை அக்காவுக்கு ஃபோன் செய்து, பெண்ணைப் பற்றி மறுபடியும் சொன்னாள். படிப்பு, வேலை, குணம். "நிறம் எப்படின்னு சொன்ன?" என்று அக்கா கேட்டாள். "கறுப்பு. என்னை மாதிரி" என்றாள். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை.

ஒரு மெல்லிய புத்தகம் கல்யாணச் சந்தையைத் திருத்தாது. இந்த நாட்டில் நிறத்தைப் பற்றிய பேச்சுக்குப் பின்னால் சாதி இருக்கிறது, வர்க்கம் இருக்கிறது, வெயிலில் வேலை செய்கிறவர்களை மதிக்காத பழக்கம் இருக்கிறது. அவற்றுக்கெல்லாம் படம் போட்டு இரண்டு மொழியில் ஒரு வரி எழுதிவிட முடியாது. தோலின் நிறத்தைத் தீர்மானிக்கும் மெலனின் என்ற நிறமியை உண்டாக்கும் செல்கள் ஏறக்குறைய எல்லா மனிதர்களுக்கும் ஒரே எண்ணிக்கையில்தான் இருக்கின்றன, உண்டாகும் நிறமியின் அளவிலும் வகையிலும்தான் வித்தியாசம் என்பதை உயர்நிலைப் பள்ளியில் படித்தவர்களும் வரனின் நிறத்தை விசாரிக்கிறார்கள். ஆனால் ஒரு வீட்டில் பேசப்படும் சொற்களைக் கூடத்தின் நடுவே எடுத்துப் போட்டு, இது எங்கிருந்து வந்தது என்று கேட்க வைக்க அந்தப் புத்தகத்தால் முடிந்தது. அப்படிக் கேட்கத் தொடங்கும் குழந்தைகள், பெரியவர்களின் சொற்களையும் விட்டுவைப்பதில்லை. புத்தகம் வாங்கும் பெற்றோர் அதற்குத் தயாராக இருக்க வேண்டும்.

ஒரு மாதம் கழித்து மகள் மறுபடியும் குடும்பப் படம் வரைந்தாள். இந்தத் தடவை யாரும் சொல்லாமல் அம்மாவின் கையை இழுத்துக் காகிதத்தின் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். பெட்டியில் இருந்த பென்சில்களை ஒவ்வொன்றாக அந்தக் கையோடு ஒட்டிப் பார்த்தாள். ஒன்றும் ஒத்துவரவில்லை. பழுப்பைத் தீட்டி, அதன் மேல் கறுப்பை லேசாக ஓட்டி, மேலே ஒரு சுற்றுச் சிவப்பு. அப்பாவுக்கு இன்னொரு கலவை. கட்டிலிலிருந்து எட்டிப் பார்த்த ஆச்சி, "எனக்குக் கொஞ்சம் சிவப்பாப் போடு தாயி" என்றாள். "இல்ல ஆச்சி, நீ பொடிக் கலர்" என்றாள் பேத்தி. ஆச்சி தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அதுவும் சரிதான் என்பதுபோல் பாக்கை வாயில் போட்டுக்கொண்டாள்.

ஓரத்தில் ரிப்பன் கட்டிய உருவத்தின் முகம் மட்டும் வெறுமையாக இருந்தது. ரோஜா நிறப் பென்சில் பெட்டியில்தான் கிடந்தது. பழுப்பும் கறுப்பும் பெட்டிக்கு வெளியே கிடந்தன. மகள் மூன்றையும் பார்த்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தாள். எந்த நிறம் என்று அம்மா கேட்கவில்லை.